அம்மாவின் கெண்டைக்கால் அளவு

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கும் என் 77 வயது அம்மா எவ்வளவு மெலிந்துவிட்டார் என்பதை வளையல்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. பொங்கலுக்குப் போயிருந்தபோது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுக்க அவர் கையை உயர்த்த, அது முழங்கை வரை இறங்கியது.

முதலில் பார்த்த மருத்துவர், வயதானால் இப்படித்தான் என்று டானிக் எழுதித் தந்தார். மனம் ஒப்பாமல், தஞ்சாவூரில் முதியோர் மருத்துவம் படித்த ஒருவரிடம் அழைத்துப் போனேன். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே அவர் ஆறு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை எடுத்தார். பசி, நடமாட்டம், அண்மையில் வந்த நோய் அல்லது துயரம், மறதி ஆகியவற்றை விசாரித்தவர், மூன்று மாதத்தில் எடை குறைந்ததா என்றபோது நாங்கள் இருவரும் விழித்தோம். ‘தெரியாது’ என்பதற்கும் அதில் ஒரு மதிப்பெண் உண்டாம். கூன் விழுந்தவரின் உயரத்தை நம்பி உயரத்துக்கும் எடைக்குமான விகிதத்தை (BMI) கணக்கிட முடியாது என்பதால், கடைசியாகக் கெண்டைக்காலை நாடாவால் அளந்தார். குறைந்தது 31 செ.மீ. இருக்க வேண்டியது 28தான் இருந்தது. மொத்தம் 14க்கு 6; ஏழும் அதற்குக் கீழும் ஊட்டச்சத்துக் குறைபாடு.

அம்மாவுக்குக் காசுக்குக் குறைவில்லை. ஆனால் ஈறு சுருங்கித் தளர்ந்துபோன பல்செட் டம்ளர் தண்ணீரிலேயே கிடந்தது. சித்தி இறந்த இரண்டு மாதமாக, ‘ஒருத்திக்காக எதற்கு உலை வைப்பது’ என்று இரவில் டீயும் ரஸ்க்குமே உணவாக இருந்தன. போதாக்குறைக்கு, இரத்த அழுத்தத்துக்காக எப்போதோ யாரோ சொன்னதைக் கேட்டு உப்பை அறவே விட்டிருந்தார். உப்பில்லாத சோறு எத்தனை கவளம் இறங்கும்?

மருத்துவர் அந்தப் பத்தியத்தைத்தான் முதலில் தளர்த்தினார். 38 கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 38 கிராம் புரதம், முடிந்தால் அதற்கு மேலும் வேண்டும் என்றார். முட்டை வீட்டுக்குள் வராது என்பதால் பால், தயிர், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, வேர்க்கடலைப் பொடி என்று சேர்த்தோம். கஞ்சியில் நெய் விட்டோம். பல்செட்டைச் சரிசெய்ய நான்கு முறை அலைந்தோம். இவை எல்லாவற்றையும்விட, தனியாக இருக்கும் எதிர்வீட்டு அத்தையும் அம்மாவும் முறைவைத்துச் சமைத்துச் சேர்ந்து சாப்பிடத் தொடங்கியதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

மூன்று மாதத்தில் எடை 40 கிலோவைத் தொட்டது. அமாவாசை ஒருபொழுதை மட்டும் அம்மா விடுவதாக இல்லை. அன்றிரவு பாலும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிடுவதாகப் பேரம் பேசி முடித்திருக்கிறோம்.