கொட்டகை வாடையும் ஃபேட் கணக்கும்

எங்கள் வீடு ஏற்காடு அடிவாரத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம். நாலு மாடு. விடியற்காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்தக் காரம்தான் என் ஆராய்ச்சி. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைச் சாணத்திலுள்ள நொதி உடைக்க, நைட்ரஜன் உள்ள அம்மோனியா வாயு கிளம்பும். காற்றில் இருக்கும் அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. “இதைப் படிக்கவா மெட்ராஸ் போன?” என்பார் அப்பா.

போன தை மாதம் கொட்டகை ஓரம் பம்பு வைத்து, ஃபில்டர் தாளில் நுண்துகளைப் பிடித்துக்கொண்டு போனேன். நைட்ரஜனில் சுமார் 270 அணுவுக்கு ஒன்று நிறை 15 உள்ள கனத்த வகை; மற்றதெல்லாம் 14. ஆவியாகும்போது இலேசானது முந்திக்கொள்ளும். அதனால் சாணம், மூத்திரம், மரவள்ளிக்குப் போட்ட யூரியா இவற்றிலிருந்து வரும் அம்மோனியாவில் கனத்தது குறைச்சல். பெட்ரோல் காரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அம்மோனியா விடும். அதில் அவ்வளவு குறையாது. என் தாள் காட்டிய எண்ணோ கார்ப் புகையை ஒட்டி இருந்தது. “கொட்டகை பைபாஸ் ரோட்டுலயா இருக்கு?” என்று கேட்டார் கைடு.

தப்பு என்னுடையதுதான். அம்மோனியா வாயு காற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியமாகத் துகளில் உட்காரும். வாயுவும் துகளும் இடம் மாற்றிக்கொள்ளும்போது கனத்த நைட்ரஜன் துகள் பக்கமே சாயும். 25 டிகிரியில் இந்த வித்தியாசம் ஆயிரத்துக்கு 33 அளவுக்கு வரும். மாட்டைக் காராகக் காட்ட அது போதும். வாயு முழுக்கத் துகளாகிவிட்டால், கிளம்பிய அம்மோனியாவுக்கும் துகளுக்கும் வித்தியாசமே இருக்காது. கொட்டகை ஓரத்திலோ பெரும்பங்கு வாயுவாகவே இருக்கும். தாளில் சிக்கியது கொஞ்சம்தான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். பால் கேனைக் கழுவிக்கொண்டே கேட்டார். “கேனைக் கலக்காம அடியில மொண்டு ஃபேட் பார்த்த கதைதான? ஆடை மேல நிக்கும், கீழ தண்ணிப் பாலு. எனக்கு எத்தனை நாள் காசு போயிருக்கு!” எந்தச் சொசைட்டி என்று இங்கே எழுத வேண்டாம்.

அதேதான். இங்கே கலக்க முடியாது, பிரித்துத்தான் பிடிக்க வேண்டும். சிட்ரிக் அமிலம் பூசிய டெனூடர் குழாயில் காற்றை இழுத்தால், வாயு சுவரில் ஒட்டிக்கொள்ளும். துகள் நேரே போய் ஃபில்டரில் விழும். இரண்டையும் தனித்தனியே அளந்து, பங்கு பார்த்துக் கூட்டினால் மொத்தக் கணக்கு வரும்.

இந்த முறை குழாயோடு வந்திருக்கிறேன். செவலை எட்டாத உயரத்தில் கட்டச் சொன்னார் அப்பா. அப்புறம், “வெயில் ஏறினா வாடை வேற மாதிரி ஆயிடும், காலையில தனியா பிடி” என்றார். சூடேறினால் அம்மோனியம் நைட்ரேட் மறுபடி வாயுவாகிவிடும். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.