குளத்துப்புழா ஜாதிச் சதுப்பு

தென்காசிக்காரர்களுக்கு ஆரியங்காவு தாண்டினால் தென்மலை அணைதான் ஞாபகம் வரும். நான் போன மாதம் கேரளத்தின் குளத்துப்புழா பக்கம், வனத்துறை வழிகாட்டி அண்ணனோடு, ஒரு சின்னச் சதுப்புக் காட்டைப் பார்க்கப் போனேன். முழங்கால் வரை சேறு. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

காட்டு ஜாதி மரங்கள்தான் இங்கே எல்லாம். நம் சமையலறை ஜாதிக்காய் மரத்தின் உறவுக்காரர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாதே, அதனால் வேர்கள் மடக்கிய முழங்கால் மாதிரி வெளியே வளைந்து எழுந்து மூச்சு விடுகின்றன. ஒரு மரத்தில் பட்டை உரிந்த இடத்தில் சிவப்பாகச் சாறு வழிந்திருந்தது. இரத்தம் என்றே நினைத்துவிட்டேன்.

"சத்தம் போடாதீங்க தம்பி" என்றார் அண்ணன். மேலே இருவாச்சிப் பறவை. இந்தப் பெரிய விதைகளைக் கொண்டுபோய்ப் பரப்புவதில் அதற்கும் பங்குண்டு.

இங்குள்ள மரத்தவளை ஒன்றுக்கு 2013-இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது: மெர்குரானா. பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் நினைவாக. மரத்தில் வாழ்ந்தாலும், முட்டையிட ஓடைக்கரைத் தரைக்கு இறங்கி வரும், அதுவும் பருவமழைக்கு முன்பே.

பள்ளத்தாக்குச் சதுப்புகளில் பலவற்றை நெல்லுக்கும் பாக்குக்கும் திருத்திவிட்டார்கள். மிச்சமிருப்பது துண்டு துண்டாகத்தான். எனக்கு அது தாங்கவில்லை. திரும்பும்போது வழியில் ஒரு விதை முளைவிட்டுக் கிடந்தது. மிதிபடாமல் சுற்றி நடந்தோம்.