எம்-3 அரியரை நான் கிளியர் செய்த விதம்

2016 நவம்பர் செமஸ்டரில் எம்-3 பேப்பரில், அதாவது மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில், எனக்கு அரியர் விழுந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. கணிதத்தில் 200-க்கு 187. "கணக்குலயா?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார்.

படிக்காமல் போகவில்லை. அந்தப் பேப்பருக்குக் கிடைத்த நான்கு நாள் விடுமுறையும், பரீட்சைக்காக உள்ளூர் ஆசிரியர்கள் எழுதும் லோக்கல் ஆதர் புத்தகத்தோடுதான் கழிந்தது. போட்டுக் காட்டிய கணக்குகளை வரிவரியாகப் படித்தேன். எல்லா வரியும் புரிந்தது. பரீட்சையில் அதே கணக்கு வந்தபோது இரண்டு வரிக்கு மேல் கை நகரவில்லை.

ரிசல்ட் வந்த வாரம் கணித மேடத்தைப் போய்ப் பார்த்தேன். "ஃபோரியர் சீரிஸ் சுத்தமா புரியலை மேடம்" என்றேன். ஒரு சார்பை சைன், காஸ் உறுப்புகளின் கூட்டலாக எழுதும் பாடம் அது. அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "எக்ஸ் ஸ்கொயர். மைனஸ் பை முதல் பை வரைக்கும். போடு, நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

போட ஆரம்பித்தேன். சைன் உறுப்புகளின் கெழுவான பிஎன் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஓடிவிட்டது. அதுவரை பேசாமல் இருந்தவர், "இது ஈவன் ஃபங்ஷன்தானே, பிஎன் எதுக்குப்பா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈவன் ஃபங்ஷன் என்றால் பள்ளியில் படித்த இரட்டைச் சார்பு! அதை சைனால் பெருக்கினால் ஒற்றைச் சார்பு. சமச்சீரான எல்லைகளில் தொகையிட்டால் பூஜ்யம். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், வேறு பெயரில் வந்ததால் ஒரு செமஸ்டர் முழுக்க அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறது. அடுத்து காஸ் உறுப்புகளின் கெழுவான ஏஎன். தொகையிடலுக்கான பெர்னூலி ஃபார்முலாவில் பிளஸ், மைனஸ், பிளஸ் என்று குறி மாறி மாறி வர வேண்டும். நான் எல்லாவற்றையும் பிளஸ் போட்டிருந்தேன். மேடம் அந்த வரியில் பேனாவை வைத்து, "ஃபோரியர் உனக்குப் புரியாம இல்ல. இந்த வரியில நிக்கிற, அவ்வளவுதான்" என்றார்.

அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அதில் கணக்கு எழுதுவதில்லை. எந்த வரியில் நின்றேன், ஏன் நின்றேன் என்பதை மட்டும் எழுதுவது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், பாதிக்கு மேல் தொகையிடலில் குறித் தவறு. அதற்கடுத்து, காஸ் என்-பை என்பது மைனஸ் ஒன்றின் என் அடுக்கு என்பதை மறந்த இடங்கள். சரி என்று பிளஸ் டூ புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்து, இரண்டு வாரம் தொகையிடல் மட்டும் போட்டேன். அரியரை வைத்துக்கொண்டு பிளஸ் டூ கணக்கு போடுகிறாயே என்று ரூம்மேட் கவலைப்பட்டான். என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டு வாரம்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

கணக்கு போடும் முறையையும் மாற்றினேன். மாதிரிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுவேன். வெறும் தாளில் போடுவேன். நின்றுபோனால் எழுந்து போய் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். முதல் வாரம் ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்று நாள் கழித்து அதையே போட்டால் மறந்திருக்கும். மறந்ததை முட்டி மோதி மீட்டபோதுதான் மனதில் நின்றது.

அப்படி ஓர் இரவில் அந்த எக்ஸ் ஸ்கொயர் சீரிஸில் எக்ஸுக்குப் பதில் பை போட்டுப் பார்த்தேன். ஒன்று, நான்கில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று போகும் முடிவிலாத் தொடரின் கூடுதல், பை ஸ்கொயரில் ஆறில் ஒரு பங்கு என்று வந்தது. 1734-இல் கணித மேதை ஆய்லர் வேறு வழியில் கண்டுபிடித்த விடை அது. என் கையால், ஹாஸ்டல் விளக்கொளியில். தூங்கிக்கொண்டிருந்த ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ் மேசையில் இருவரும் பழைய கேள்வித்தாளை வைத்து மூன்று மணி நேரம் எழுதினோம். புத்தகத்தில் மேலே ஹீட் ஈக்வேஷன் (வெப்பம் பரவுவதற்கான சமன்பாடு) என்று தலைப்பு இருக்கும், யோசிக்கவே வேண்டாம். கேள்வித்தாளில் '30 செ.மீ. நீளக் கம்பி, ஒரு முனை 20 டிகிரி, மறுமுனை 80 டிகிரி' என்று மட்டும்தான் இருக்கும். பாடத்தில் எந்த யூனிட், எந்த எல்லை நிபந்தனை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சீரான நிலையில் வெப்பநிலை இரண்டு எக்ஸ் கூட்டல் இருபது என்று எழுதாமல் அந்தக் கணக்கு நகராது. ஐந்து யூனிட்டையும் கலந்து போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தக் கண் வந்தது.

2017 ஏப்ரல்-மே தேர்வில் 'பி' கிரேடில் பாஸ் ஆனேன். ஐந்தாவது செமஸ்டரில் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) வந்தது. முதல் வாரத்திலேயே, எம்-3-இல் படித்த அதே இசட் டிரான்ஸ்ஃபார்ம். பழைய நோட்டில் பதினோரு பக்கம் மிச்சம் இருந்தது, அதிலேயே தொடர்ந்தேன்.