தண்ணீருக்குள் பாட்டு கேட்க ஒரு பிளேயர்

25 மீட்டர் நீளமுள்ள குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்த வேண்டுமென்றால் அதை 40 முறை கடக்க வேண்டும். அவ்வளவு நேரமும் கண்ணில் படுவது குளத்தின் தரையில் வரைந்திருக்கும் கருங்கோடு மட்டுமே என்பதால், உடல் களைப்பதற்கு முன்பே மனம் சலித்துவிடுகிறது. நீந்தும்போது பாட்டு கேட்கலாமே என்ற ஆசை எனக்கு அப்படித்தான் வந்தது. ஆனால், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியாமலேயே முதல் கருவியை வாங்கிவிட்டேன்.

அது ஒரு சாதாரண ப்ளூடூத் இயர்போன். பெட்டியின்மேல் 'தண்ணீர் புகாது' என்று பெரிதாக எழுதியிருந்தது. தண்ணீர் புகவும் இல்லை. கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டு இறங்கி, தலையை நீருக்குள் அமிழ்த்திய அந்த நொடியே பாட்டு நின்றது. தலையைத் தூக்கினால் மீண்டும் வந்தது. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அதோடு போராடினேன். கோளாறு கருவியில் இல்லை. ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அந்த அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றில் பத்து மீட்டர் எளிதாகப் போகும் சமிக்ஞை, நீருக்குள் சில சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் மங்கிவிடும். ஆகவே, நீந்துகிறவருக்கு வேண்டியது பாடல்களைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும் பிளேயர்தான். நினைவகம் இல்லாத கருவி எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் குளத்துக்கு உதவாது.

இதிலிருந்து இன்னொரு சிக்கலும் பிறக்கிறது. மாதக் கட்டணம் கட்டிக் கேட்கும் செயலிகளின் பாடல்களை, 'பதிவிறக்கம் செய்துவிட்டோம்' என்று அச்செயலி சொன்னாலும், இத்தகைய எளிய பிளேயர்களுக்கு மாற்ற முடியாது; அவை பூட்டப்பட்ட கோப்புகள். எம்பி3 போன்ற கோப்பாகப் பாட்டு உங்கள் கணினியில் இருக்க வேண்டும். கொள்ளளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பி ஆகும். 4 ஜிபி நினைவகத்தில் ஆயிரம் பாடல்கள் வரை அடங்கும்.

தண்ணீர் புகாமைக்குரிய எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்ந்திருந்தாலும் கெடாது என்று பொருள். ஆனால், அந்தச் சோதனை அசையாத நன்னீரில் நடப்பது. கை வீச்சும் சுவரை உதைத்துப் பாயும் வேகமும் தரும் அழுத்தம் அதில் இல்லை. குளோரினும் உப்பும் இல்லை. ஐபிஎக்ஸ்8 என்பது அதைவிடக் கடுமையான நிலையைத் தாங்கும் என்று சொல்கிறதே தவிர, எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் குறிப்பிட வேண்டும். ஆகையால் '8' என்ற எண்ணோடு நின்றுவிடாமல், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ஆழத்தையும் நேரத்தையும் தேடிப் பாருங்கள். கடலில் நீந்துகிறவர்கள் உப்புநீரைத் தாங்கும் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இத்தனையையும் சரிபார்த்த பிறகும் பெரும்பாலானோர் ஏமாற்றமடைவது காதில்தான். கருவிக்குள் தண்ணீர் போகாமல் இருப்பது ஒன்று. காதுக்குள் போகாமல் இருப்பது வேறொன்று. காதில் செருகும் வகையில், ஒலி வெளிவரும் முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே காற்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் பாட்டு பக்கத்து வீட்டில் ஒலிப்பதுபோல் அமுங்கிவிடும். செருகியபோது கச்சிதமாகப் பொருந்திய சிலிக்கான் முனை, நான்கு நீளம் நீந்துவதற்குள் கசியத் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு: மூச்செடுக்க வாயைத் திறக்கும்போது தாடை எலும்பு அசைந்து காதுத் துளையின் வடிவமே சற்று மாறுகிறது. ஆகவே, முனையைப் பொருத்திப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு பார்த்தால் போதாது. அகலத் திறந்து, தலையை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அடுக்கடுக்கான விளிம்புடைய முனைகள் எனக்கு ஒற்றை விளிம்பைவிட நன்றாகப் பொருந்தின. இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்பட்டது. இது பலருக்கும் இயல்பே.

இரண்டாவது வகை, எலும்பு வழியாக ஒலியைக் கடத்துவது. காதுக்கு முன்புறம் கன்ன எலும்பின்மேல் அமரும் இரு தட்டுகள் அதிர, அந்த அதிர்வு மண்டையோட்டின் வழியே உட்காதைச் சென்றடைகிறது. கரையில் நின்று கேட்டால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து ஒலிப்பதால் இதைக் குறைத்து மதிப்பிடத் தோன்றும்; நானும் கடையில் அப்படித்தான் வேண்டாமென்று ஒதுக்கினேன். ஆனால், சாதாரண காதடைப்பான்களைச் செருகிக்கொண்டு நீருக்குள் இறங்கியதும் கேட்டது வேறு ஒலி. காதுத் துளை அடைபடும்போது எலும்பு வழி வரும் தாழ்ந்த சுரங்கள் உள்ளேயே தங்கி வலுப்பெறுகின்றன. தண்ணீரின் சலசலப்பும் அடங்குகிறது. காது முனை கசியுமோ என்ற கவலையே இல்லாமல் நீந்த முடிந்தது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

சோனியின் 4 ஜிபி வாக்மேன் மாதிரியான என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 காதில் செருகும் வகை. நீந்துவதற்கென்றே மெல்லிய சவ்வுடைய தனி முனைகள் அதனுடன் வருகின்றன. ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ஸ்விம் எலும்பு வழி வகை. அதுவும் 4 ஜிபி. அதன் புரோ மாதிரி 32 ஜிபி நினைவகத்தோடு ப்ளூடூத்தும் கொண்டது. அந்த ப்ளூடூத் கரைக்கு மட்டுமே பயன்படும். இரண்டு வகையையும் பயன்படுத்திய பின் நான் எலும்பு வழி வகையிலேயே நின்றுவிட்டேன். தலைகீழாகச் சுழன்று திரும்பும்போது பின்கழுத்துப் பட்டை சற்றுத் தூக்குவது ஒன்றுதான் அதில் குறை. நீச்சல் கண்ணாடியின் பட்டையை அதன்மேல் ஓடவிட்டு, தொப்பியையும் இழுத்துவிட்டால் அது அசையாது.

பொத்தான்கள் மேடாக, விரலுக்குத் தட்டுப்படுவதாக இருக்கட்டும். தொடுபரப்புக் கட்டுப்பாடு ஈரத்தில் தானாகவே பாட்டை மாற்றும், அல்லது எதற்கும் அசையாது.

நீந்தி முடித்ததும் கருவியை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கிறேன். முழுக்க உலராமல் சார்ஜ் போடுவதில்லை. சார்ஜ் ஏறும் உலோக முனைகளில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் அவை அரித்துப்போகும். வெந்நீர்க் குளியலுக்கும் அதை அணிந்து செல்வதில்லை, ஏனெனில் நீராவியும் சோப்பும் அடைப்புகளைத் தளர்த்தும். கடலிலும் ஏரியிலும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன். படகின் ஓசையும் காவலரின் விசிலும் கேட்டாக வேண்டிய இடங்கள் அவை. காதை அடைத்துக்கொண்டு அங்கே இறங்க எனக்கு மனம் வரவில்லை.

என் பிளேயரில் திரையும் கடிகாரமும் கிடையாது. கணினியிலிருந்து எந்த வரிசையில் பாடல்களை ஏற்றுகிறேனோ அந்த வரிசையில்தான் அது பாடுகிறது என்பதைக் கவனித்த பிறகு, 45 நிமிடத்துக்கு ஒரு பட்டியல் அமைத்து, ஒவ்வொன்றாக ஏற்றினேன். முதலில் மெதுவான இரண்டு பாடல்கள், நடுவில் தாளம் துடிப்பானவை, இறுதியில் சொற்களே இல்லாத ஒரு வீணை இசை. அந்த வீணை தொடங்கினால் இன்னும் நான்கு நீளம் பாக்கி என்று பொருள்.