மரத்தரை: சாலிடா, எஞ்சினியர்டா?

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. கார்ப்பெட்டைப் பிய்த்துவிட்டு மரத்தரை போடுவது என்று முடிவானதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே கேள்வி, சாலிடா எஞ்சினியர்டா? சாலிட்தான் அசல் மரம், மற்றது போலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு. இரண்டிலும் காலில் படுவது உண்மையான மரமே. சாலிட் என்பது பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே பலகை. எஞ்சினியர்டில் மேலே ஓக்கோ மேப்பிளோ ஓர் அடுக்காக இருக்கும், அதன் கீழே பெரும்பாலும் பிளைவுட், ஓர் அடுக்கின் இழைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கின் இழை. படம் அச்சடித்து ஒட்டிய லேமினேட் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குறுக்கு அடுக்கு எதற்கு என்று கேட்டால், ஊரில் எங்கள் அம்மாச்சி வீட்டு வாசல் கதவைத்தான் சொல்வேன். ஐப்பசி மழை பிடித்தால் நிலையோடு இறுகிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். சித்திரையில் அதே கதவு லேசாக ஆடும். அறுத்து எத்தனை வருடம் ஆனாலும் மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதுவும் நீளவாக்கில் தெரியாது, அகலவாக்கில்தான். டொராண்டோவில் இது இன்னும் கடுமை, ஜூலையில் புழுக்கம், ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடி ஓடி வீட்டுக் காற்று உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டுவிடும். அப்போது சாலிட் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழும், பலகை அகலமாக இருந்தால் இடைவெளியும் அகலம். எஞ்சினியர்டில் குறுக்கே ஓடும் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் அசைவு குறைவு. அதனால்தான் ஏழு, எட்டு அங்குல அகலப் பலகை கேட்டால் கடைக்காரர்களே எஞ்சினியர்டைக் காட்டுகிறார்கள்.

பேஸ்மென்டில் சாலிட் வேண்டவே வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் வெளியே காய்ந்து தெரிந்தாலும் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். நண்பர் ஒருவர் வீட்டில் தரை போட்டவர் அதைச் சோதிக்காமல் சாலிட் ஓக்கை ஒட்டிவிட்டுப் போனார், ஒரே கோடையில் ஒவ்வொரு பலகையும் விளிம்பு தூக்கி நடு குழிந்து ஓட்டை மல்லாத்தி வைத்தது போல ஆனது, முழுவதையும் பெயர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பம் அதற்காகச் சேர்த்த காசை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சாலிடை எத்தனை முறையும் தேய்த்துப் புதிதாக்கலாம், எஞ்சினியர்டை முடியாது என்பார்கள். இதில்தான் நான் ரொம்ப நேரம் செலவழித்தேன். ஒரு பலகையின் விளிம்பில் நீட்டியிருக்கும் நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், நுழைந்து பொருந்துகிறது, அந்த நாக்குக்கு மேலே இருக்கும் மரத்தை மட்டும்தான் தேய்க்க முடியும். 19 மில்லிமீட்டர் சாலிடில் அது சுமார் ஆறு மில்லிமீட்டர்தான். ஆகவே மேல் அடுக்கு நான்கு மில்லிமீட்டர் உள்ள எஞ்சினியர்டு அப்படியொன்றும் பின்தங்கவில்லை, அதையும் இரண்டு மூன்று முறை தேய்க்கலாம். ஆனால் கடையில் விலை மலிவாக அடுக்கி வைத்திருப்பதில் மேல் அடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, சாண்டிங் இயந்திரம் வைத்தால் பிளைவுட் பல்லைக் காட்டிவிடும். பெட்டியின் மேல் மொத்தத் தடிமனைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நீங்கள் மேல் அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள், சொல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கீறல் விழுவதற்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை, அது மரவகையையும் மேற்பூச்சையும் பொறுத்தது. மரம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் ஜான்கா அளவில் எண் கூடினால் கடினமும் கூடுதல்: சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, ஹிக்கரி 1820.

கடைசியில் நாங்கள் இரண்டையும் எடுத்தோம். கூடத்திலும் படுக்கையறைகளிலும் அடியில் பிளைவுட் தரை, ஆணி நன்றாகப் பிடிக்கும், அங்கே மூன்றேகால் அங்குல வெள்ளை ஓக் சாலிட். பேஸ்மென்டுக்கு நான்கு மில்லிமீட்டர் மேல் அடுக்குள்ள எஞ்சினியர்டு. வீட்டின் ஈரப்பதம் 35க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவே நிற்க ஃபர்னஸில் ஹியூமிடிஃபயர் மாட்டியாயிற்று.

பெட்டிகள் இப்போது கூடத்தில் பிரித்துக் கிடக்கின்றன, பலகை வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். தினமும் ஈரமானியை அடித்தரையிலும் பலகையிலும் வைத்துப் பார்க்கிறேன். இந்த அகலத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் வர வேண்டும். நேற்று மூன்றரை இருந்தது. அது இறங்கும்வரை ஆணி அடிக்க விடமாட்டேன் என்று தச்சரிடம் சொல்லிவிட்டேன்.