மினி டிராக்டரில் ஹைட்ராலிக் ஃபில்டர் மாற்றியபின் ஆயில் அளவு பார்ப்பது

புது ஃபில்டரை மாட்டி, ஆயில் ஊற்றி, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டில் நிற்கும். அந்த அளவை நம்பி வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஃபில்டருக்குள் இருக்கும் தாள் இன்னும் ஆயிலில் ஊறவில்லை, பைப்புகளில் காற்று நிற்கிறது. வண்டியை ஓட்டி, பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்டை நாலு தடவை ஏற்றி இறக்கிய பிறகு பார்த்தால் அளவு கீழே போயிருக்கும். உண்மையான அளவு அதுதான்.

மினி டிராக்டர்கள் பலவற்றில் கியர்பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான். கியர்கள் இருக்கும் பின்பக்கக் கூடான ஹவுசிங்கே ஆயில் டேங்க். ஆயில் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் தட்டுகளும் பெரும்பாலும் அதே ஆயிலில்தான் கிடக்கும். கொஞ்சம் குறைகிறது என்று கொட்டகையில் மிச்சமிருக்கும் என்ஜின் ஆயிலை ஊற்றுவது தவறு. ஆயிலில் கிடக்கும் பிரேக்குக்கு வேண்டிய சேர்மானம் அதில் இருக்காது. மிதித்தால் கிறீச்சிடும், அதிரும். மேனுவலில் போட்டிருக்கும் தர எண் கேனிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபில்டரும் அப்படித்தான். மரை பொருந்துகிறது என்பதற்காக என்ஜின் ஆயில் ஃபில்டரை மாட்டக் கூடாது. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் தாள் நெருக்கமாக இருந்தால் பம்ப்புக்கு ஆயில் போதாது.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அடியில் சுத்தமான தட்டு வையுங்கள். ஃபில்டரில் இருப்பதையும் அதிலேயே கவிழ்த்து, லிட்டர் குவளையால் அளந்துகொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் வந்தால் முதலில் ஒன்றரை லிட்டர் புது ஆயில் ஊற்றினால் போதும். பழைய தாளில் ஊறிப் போனது கொஞ்சம் இருக்கும், அதைப் பிறகு டிப்ஸ்டிக் பார்த்து ஈடுகட்டலாம். தட்டில் விழுந்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

புதியதை மாட்டும் முன் ஃபில்டர் உட்காரும் முகத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் பல நேரம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கருப்பு ஆயிலுக்கு நடுவே கருப்பு ரப்பர், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதன்மேல் புது வளையம் உட்கார்ந்தால் என்ஜினை ஓட்டியதும் ஒன்று ஆயில் கசியும், இல்லையென்றால் காற்றை உள்ளே இழுக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, முகத்தைத் தொட்டபின் அரை முதல் முக்கால் சுற்று போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வளையம் பிதுங்கிவிடும்.

என்ஜினை ஐடிலில் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், லிஃப்டை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஃபில்டரைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, லிஃப்ட், லோடர் எல்லாவற்றையும் தரைக்கு இறக்கி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். டிப்பர் டிரெய்லர் மாட்டியிருந்தால் தொட்டியும் இறங்கியிருக்க வேண்டும். தொட்டி தூக்கி நிற்கும்போது பல லிட்டர் ஆயில் சிலிண்டருக்குள் போயிருக்கும். அப்போது பார்த்து ஊற்றினால், தொட்டி இறங்கியதும் ஹவுசிங்கில் ஆயில் கூடிவிடும். காற்று போய்வரும் துளையான பிரீதர் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் வெளியே தள்ளும்.

டிப்ஸ்டிக்கைத் துடைத்து முழுவதும் உள்ளே விட்டு எடுங்கள். மரை உள்ள டிப்ஸ்டிக்காக இருந்தால் திருகிப் பார்ப்பதா, மரைமேல் நிறுத்திப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலில் இருக்கும். புது ஆயில் வெளிர் நிறம், பளபளக்கும் கம்பியில் சட்டென்று தெரியாது. வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து இரு பக்கமும் பாருங்கள். குழாய்ச் சுவரில் உரசிய பக்கம் ஆயில் மேல்வரை இழுத்திருக்கும். தாழ்ந்த பக்கம்தான் கணக்கு. இரண்டு கோட்டுக்கும் நடுவே, மேல் கோட்டை ஒட்டி நின்றால் சரி. குறைந்தால் கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் விட்டுப் பார்த்து, பிறகு மேலும் ஊற்றுங்கள்.

குறைவாக விட்டால் வரப்பு ஏறும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். லிஃப்ட் விட்டுவிட்டு ஏறும், பம்ப் ஊளையிடும், ஆயில் நுரைக்கும். நுரைத்த ஆயில் டிப்ஸ்டிக்கில் உயரமாகக் காட்டி ஏமாற்றும், அதனால் நுரை அடங்கும்வரை காத்திருங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நுரை என்று ஒதுக்காதீர்கள். ஒரு மணி நேரம் நின்றும் தெளியவில்லை என்றால் அது தண்ணீர். சேற்றுழவு ஓட்டிய வண்டியில் இது சகஜம். அதற்கு மேலே ஊற்றிப் பயனில்லை, முழுதும் வடித்து மாற்ற வேண்டும். தெளிவாக இருந்தால் அன்றைய வேலை முடிந்து, மறுநாள் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போது இன்னொரு முறை பாருங்கள்.