புல்வெளியில ஒளிஞ்சிருக்குற மூக்கு விட்டில்

நீலகிரியில புல்வெளி ஏறும்போது காலடியில இருந்து வெளிறிப்போன சின்னதா ஒண்ணு படக்குன்னு பறந்து ரெண்டடி தள்ளிப் போய் உட்காரும், உடனே கண்ணுக்குத் தெரியாமப் போயிடும் பாத்திருக்கீங்களா, அது புல் விட்டில், ஒரு வகை அந்துப்பூச்சி. கிராம்பிடேங்கிற குடும்பம். அந்தக் குடும்பத்துக்கே பேர் குடுத்த கிராம்பஸ் பேரினத்துக்கு 1798லயே பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் பேர் வச்சுட்டாரு, உலகம் பூரா அதுல நூறு இனத்துக்கு மேல இருக்கு. ஐரோப்பாவுல இருக்குற பெர்லெல்லாங்கிற இனத்துக்கு முத்து மாதிரி வெள்ளை மினுமினுப்பு, பாஸ்குவெல்லாங்கிற இனத்துக்கு பழுப்பு றெக்கையில நீளமா ஒரு வெள்ளைக் கோடு.

கிட்ட போய் பாருங்க. றெக்கையை உடம்பைச் சுத்தி இறுக்கிச் சுருட்டிக்கிட்டு புல் தாளோட ஒட்டி உட்காரும், காஞ்ச புல் துண்டுன்னே நினைப்பீங்க. முகத்துல மூக்கு மாதிரி நீளமா முன்னாடி நீட்டிட்டு இருக்கறது உண்மையில வாயோட சேர்ந்த உணர் உறுப்பு. பெண் விட்டில் முட்டையை எங்கயும் ஒட்டக்கூட மாட்டா, பறந்துக்கிட்டே புல்லுக்குள்ள உதிர்த்துட்டுப் போயிடுவா! புழு வேர்ப்பக்கத்துல பட்டு நூலால ஒரு குழாய் கட்டி உள்ள இருந்துக்கிட்டு ராத்திரி வந்து புல் தின்னும்.

கீழ சமவெளியில கரும்பு போடறவங்களுக்கு இதோட சொந்தக்காரனை நல்லாத் தெரியும், இளங்குருத்துப்புழுதான், அது கைலோ பேரினம். அந்த ஒண்ணை வச்சு எல்லாத்தையும் பயிர்ப்பூச்சின்னு ஒதுக்கறது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல.

நம்ம மலை விட்டில்களை முறையா எழுதி வச்சவர் ஹாம்ப்சன், இங்க டீ எஸ்டேட் வச்சிருந்தவரு. 1891ல நீலகிரி விட்டில்களுக்குன்னே தனியா ஒரு தொகுதி பிரிட்டிஷ் மியூசியம் மூலமா வந்துச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு, புல்வெளியைத் தரிசுன்னு நினைச்சு சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டுத் தள்ளினாங்க, சீகை பரவி நிழல் கட்டிட்டா கீழ புல்லு வராது, புல்லு இல்லாட்டி இந்தப் புழுவுக்குச் சோறே இல்ல. நீலகிரியில முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் மிச்சம் இருக்குற புல்வெளியைப் பாக்கறப்பெல்லாம் வயிறு எரியுது. மரம் நட்டா நல்லதுன்னு சொல்றவங்க எங்க நடறோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

வாசல் லைட்டுக்கும் இதுங்க வரும். போன்ல போட்டோ எடுத்தா மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க, மேல இருந்து மட்டும் எடுத்தா அந்த மூக்கு சரியா விழாது.